தண்டால், நடை, கும்மி

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளி. அங்கே 'ழிம்னாஸ்தீக்' என்று ஒரு வகுப்பு உண்டு. ஆசிரியர் எண்ணச் சொல்வார். நாங்கள் வரிசையாக நின்று கையைத் தூக்கி இறக்குவோம். நான் முறையாகச் செய்த உடற்பயிற்சி அதோடு சரி. பிறகு முப்பத்தைந்து வருடம் அரசாங்க குமாஸ்தா. நாற்காலிதான் வாழ்க்கை.

மாற்றலாகிக் கோவைக்கு வந்தபோது என் பக்கத்து மேசைக்காரர் இராமநாதபுரம் பகுதிக்காரர். "நம்ம சாண்டோ தேவர் எங்க ஊருங்க" என்று பெருமையாகச் சொல்வார். படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவரைத்தான் சொல்கிறார். 1915-இல் அங்கே பிறந்தவர். வறுமையில் வளர்ந்து, நண்பர்களோடு தேகப்பயிற்சி சாலை நடத்தி உடம்பை வளர்த்தவர். யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பிய பலசாலியின் பெயர்தான் அவருக்கு அடைமொழியாயிற்று. அந்தக் காலத்துப் பயிற்சி சாலைகளில் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை எல்லாம் உண்டு. "நமக்கு எதற்கு ஐயா? நாம் என்ன குஸ்திக்கா போகிறோம்?" என்று சிரித்துவிட்டேன்.

எங்களைப் போன்ற குமாஸ்தாக்களைப் பற்றி அதற்கு முன்பே லண்டனில் ஒருவர் கணக்கெடுத்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, நாள் முழுவதும் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. தபால் துறையிலும் அப்படியே: நடந்து கடிதம் கொடுப்பவர் தப்பினார், மேசையில் உட்கார்ந்தவர் மாட்டினார்.

ஓய்வு பெற்றதும் ரேஸ்கோர்ஸில் நடக்க ஆரம்பித்தேன். சர்க்கரை கட்டுக்குள் வந்தது, மூச்சு வாங்குவது குறைந்தது. இது போதும் என்று நினைத்தேன்.

மனைவி காலமான பிறகு நடையும் நின்றது, பேச்சும் நின்றது. ஒரு நாள் குளியலறையில் தடுமாறி விழுந்தேன். நல்ல வேளை, எலும்பு தப்பியது. டாக்டர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "கையை ஊன்றாம எழுந்திருங்க பார்க்கலாம்" என்றார். முடியவில்லை. வயதாக ஆகத் தசை கரையும், நடை மட்டும் அதைத் தடுக்காது என்று விளக்கினார். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதும் இதுதான்: வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி, 65 வயது தாண்டியவர்கள் மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சியும் செய்ய வேண்டும். தேவர் ஊர்க்காரர் சொன்னதை நாற்பது வருடம் கழித்துக் கேட்க ஆரம்பித்தேன். தண்டாலைத் தரையில் அல்ல, சுவரில் கை வைத்துத்தான்!

மனசுக்கு மருந்து வேறு இடத்தில் கிடைத்தது. பேத்தி வள்ளி கும்மி பழகுகிறாள். முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடிக்கொண்டே வட்டமாக ஆடுவது நம் கொங்கு வழக்கம். ஒரு காலத்தில் ஆண்கள்தான் ஆடுவார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 2024-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87.

பேத்தியைக் கூட்டிப் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க தாத்தா, சும்மா உக்காந்திருக்கீங்க? வாங்க" என்று ஒரு அம்மிணி இழுத்துவிட்டது. அடவு பிடிபட ஒரு மாதமாயிற்று. பாட்டைக் கேட்க வேண்டும், காலைக் கவனிக்க வேண்டும், பக்கத்து ஆளோடு கை சேர வேண்டும். அந்த ஒரு மணி நேரம் வேறு நினைப்பு வரவில்லை. அன்றிரவு நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இதயத்துக்கு நடை, தசைக்குத் தண்டால், தனிமைக்குக் கும்மி. ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று முழுதாகச் செய்வதில்லை. என் வயதுக்காரர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு மெதுவாகத் தொடங்கலாம். முதலில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று பாருங்கள், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு. இப்போது என்னால் பத்து முறை முடிகிறது.