பங்காளி: ஒரு சொல்லும் ஒரு கிணறும்

பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பங்காளிக் கிணறு என்றால் விளக்கம் தேவையில்லை. தாத்தா வெட்டிய கிணறு ஒன்று, பேரன்கள் நாலு பேர், மோட்டார் ஒன்று. நிலத்தை வரப்புப் போட்டுப் பிரித்துவிடலாம். கிணற்றை? 'கிணற்றிலும் மின்மோட்டாரிலும் பொதுவில் நாலில் ஒரு பங்கு, மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் உட்பட' என்று பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதிவிட்டு, நாள்முறை வைத்து இறைத்துக்கொள்வார்கள். சின்ன வெங்காயம் தண்ணீருக்கு வாடி நிற்கும்போது நம் முறையில் கரண்ட் போய்விட்டால், அந்த மணிநேரம் யார் கணக்கில் கழியும்? அதைப் பத்திரம் சொல்வதில்லை. வழக்கு பிறப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

பங்கை ஆள்பவர் பங்காளி; முதலாளி, தொழிலாளி போல. பங்கு என்பது 'பகு' என்னும் வேரில் பிறந்தது. பகுதி, பகிர்வு, பாதி எல்லாம் அதன் கிளைகள். பகையையும் அந்த வேரிலேயே சேர்க்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். பங்காளிக் காய்ச்சல் என்று நம் ஊர்களில் ஒரு நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் அகராதி பார்த்து வைக்கவில்லை. தாயாதி என்ற சொல்லைத் தாயோடு சேர்த்துப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. அது தாயம், அதாவது உரிமைச் சொத்து என்பதன் வழி வந்த வடசொல். உறவுக்கே சொத்தின் பெயர்!

பங்கு போடக்கூடாத சொத்தும் இந்த மண்ணில் இருந்தது. இன்றைய அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையம் ஜமீனில் பட்டம் ஒருவருக்குத்தான், மற்றவர்களுக்கு ஜீவனாம்சம். அம்சம் என்றாலும் பங்குதான், பிழைத்துக்கிடக்க மட்டும் ஒரு பங்கு. அந்தப் பட்டத்துக்காகக் கச்சி வம்சத்து உடையார்களுக்குள் மூண்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1905-இல்தான் தீர்ந்தது. பிரிக்காமல் வைத்தால் சண்டை வராது என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

எனக்கு ஆறாத விஷயம் வேறு. அண்ணன் தம்பி பங்காளிகள். அக்கா தங்கை அந்தச் சொல்லுக்குள் வருவதில்லை. 1989 மார்ச் 25-க்கு முன் மணமாகாத மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைத் தமிழ்நாட்டுச் சட்டம் தந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அந்தச் சட்டம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டப்படி அவள் பங்காளி. பேச்சிலோ இன்னும் 'பொறந்தவ'. சீர் செய்ததைச் சொல்லிக்காட்டி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம்.

'பகு' தந்த இன்னொரு சொல் பகல். இரண்டு மாட்டுக்கும் நடுவே நுகத்தடியில் நிற்கும் ஆணிக்கும் அதுவே பெயர். நடுநிலை தவறாத காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை அந்த ஆணிக்குத்தான் ஒப்பிடுகிறது. இன்று அந்த இடத்தில் ஊர்ப் பெரியவர் இருக்கலாம், மக்கள் நீதிமன்றமும் இருக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானால் மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நல்ல பெரியவர் முதலில் கேட்பது கிணற்றுக் கணக்கைத்தான். மோட்டார் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் முறைநாள் எழுதி, கரண்ட் போன மணிநேரத்தை எதிரே கோடு போட்டு வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட சுவர்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அக்கா பெயருக்கும் ஒரு நாள் எழுதியிருந்த சுவர் ஒன்றே ஒன்றுதான்.