ஓடப் பலகையும் ஒலிப்பெட்டியும்

1848 செப்டெம்பரில் மட்டக்களப்பு வாவியில் ஓடமேறிய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ற், நீரடியிலிருந்தெழுந்த இசை, ஓடப் பலகையிற் காது வைத்தபோது பெரிதும் உரத்ததெனப் பதிந்தார். பாடுவது மீனோ ஊரியோ என்பதே பின்னர் வழக்காயிற்று. பலகையைப் பேசுவார் அரியர்.

பலகை அதிர்ந்து ஒலி தருவது ஒன்று. அடைபட்ட காற்று அதிர்ந்து தருவது வேறொன்று. வெறுங்குடத்தின் வாயில் ஊதிய சிறுவரும் பின்னதை அறிவர். 1863இல் ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் நூலில் அதனை விளக்கினார். 1932இல் அமெரிக்கப் பெல் ஆய்வுகூடத்துத் துராஸ், துளையுடைய ஒலிபெருக்கிப் பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கார்களில் முழங்கும் சப்வூஃபர் பெட்டி அதன் வழித்தோன்றலே. துளைக்குழாய் நீண்டால் சுருதி தாழும். பெட்டி சிறுத்தால் உயரும். டெனன்ற் ஏறிய ஓடத்துக்குப் பலகையின் அதிர்வே சிறப்பு. இங்கோ அது குற்றம், காற்றே அசையவேண்டும். மெல்லிய பலகை தேர்வோர், என் எண்ணத்தில், ஓடமே கட்டுகின்றனர். பருத்த பலகையும் உட்புறக் குறுக்குச் சட்டமும் வேண்டப்படுவது அதன்பொருட்டே.