பதிவெண்ணில் ரசிகப் பற்று: விழிஞ்ஞத்தை முன்வைத்து

வாகனப் பதிவெண்ணைத் தன் விருப்பத்துக்கேற்பக் கேட்டு வாங்கி, தான் கொண்டாடும் இசைக்குழுவின் மீதோ நடிகரின் மீதோ ஆட்டக்காரரின் மீதோ உள்ள பற்றை அதன் வழியாக ஊரறியச் சொல்வது பல நாடுகளில் உள்ள வழக்கம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதற்கு எழுத்துகளே கிடைக்கும். ஒன்டாரியோ மாகாணத்தில் 2 முதல் 8 எழுத்துகள் வரை உரிமையாளர் விரும்பியபடி சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் அந்த வசதி கிடையாது. தேர்ந்தெடுக்கக் கிடைப்பவை கடைசி நான்கு இலக்கங்கள்தான். அந்த நான்கு இலக்கங்களுக்குள் எந்தப் பற்று நுழைகிறது, எது வெளியே நின்றுவிடுகிறது என்று பார்க்க, திருவனந்தபுரத்தின் தெற்கே உள்ள துறைமுக ஊரான விழிஞ்ஞம் நல்ல இடம். கப்பல், மீன்பிடி வள்ளம், சாலை வாகனம் என மூன்றும் அங்கே ஒரே பார்வைக்குள் நிற்கின்றன. மூன்றுக்கும் அரசு வைத்திருக்கும் அடையாள முறை வேறுவேறு. பெயர் எழுதத் தனி இடம் உள்ள ஊர்தியில் எண்ணை யாரும் சீண்டுவதில்லை என்பதும், பெயருக்கு இடமில்லாத ஊர்தியில்தான் எண் பெயரின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கப்பலில் இந்தப் பிரிவினை மிகத் தெளிவு. 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற முதல் தாய்க்கப்பல் விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகத்துக்கு வந்தது. 2025 ஜூனில் வந்த எம்.எஸ்.சி. ஐரினா ஏறத்தாழ 400 மீட்டர் நீளமும் 24,346 கொள்கலன் கொள்ளளவும் உள்ளது. இவற்றின் முகப்பில் உள்ள பெயர் உரிமையாளர் வைத்தது. கப்பல் கைமாறினால் பெயரும் மாறலாம், கொடியும் மாறலாம். ஐ.எம்.ஓ. எண் எனப்படும் ஏழு இலக்க எண் மட்டும் மாறாது. 1987-ல் கொண்டுவரப்பட்டு 1996 முதல் கட்டாயமான அந்த எண், கப்பல் உடைக்கப்படும் வரை அதனோடு இருக்கும். ஐ.எம்.ஓ. எண்ணை ஏலம் கேட்டவர் எவருமில்லை. கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை, ஆசைக்கும் பெருமைக்கும் பெயர் இருக்கிறதே.

மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் வள்ளங்களிலும் இதுதான் கதை. கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் (1980) பதிவையும் உரிமத்தையும் கட்டாயமாக்கியது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுவதும் ஒரே வடிவில் எண் வந்தது: நாட்டுக் குறி, மாநிலக் குறி, வகைக் குறி, வரிசை எண். மோட்டார் பொருத்திய வள்ளமானால் வகைக் குறி எம்.ஓ.; விசைப்படகானால் எம்.எம். இவ்வளவையும் அணியத்தின் பக்கவாட்டில் எழுதிவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே உரிமையாளர் தன் பெயர்ப்பலகையை எழுதிக்கொள்கிறார். மாதா, அந்தோணியார், மகள், பேரன், கட்சி நிறம், கால்பந்து அணியின் கொடி என்று அதில் எதுவும் வரலாம். விழிஞ்ஞத்தில் லத்தீன் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் துறைமுகத்தின் இரு பக்கமும் வாழ்கிறார்கள். பெயர்களைப் பார்த்தே எந்தக் கரை வள்ளம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இந்தக் கரையின் வள்ளங்கள் லாரிகளில் ஏறிச் செங்ஙன்னூர்ப் பக்கம் மீட்புக்குப் போனபோது இரண்டு முறைகளும் ஒரே ஊர்தியில் தெரிந்தன: மேலே வண்ணத்தில் எழுதிய புனிதரின் பெயர், கீழே லாரியின் நம்பர் பிளேட்.

அந்த நம்பர் பிளேட்டைக் கிட்டத்தில் பார்த்தால் அதில் உரிமையாளருக்கு எவ்வளவு குறைவான இடம் என்பது புரியும். 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி காரின் பதிவெண் எழுத்துகள் 65 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிமன், இடைவெளியும் 10 மில்லிமீட்டர். 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் அலுமினியத்தால் ஆனது. இடது மேல்மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், அதன் கீழ் லேசரால் பொறித்த அடையாள எண், கழற்றினால் உடைந்துபோகும் பூட்டு. மாநில எழுத்து அரசுடையது. அலுவலக எண்ணும் அப்படியே: திருவனந்தபுரம் என்றால் 01, நெய்யாற்றின்கரை என்றால் 20. அடுத்த வரிசை எழுத்துகள் அந்த மாதம் ஓடிக்கொண்டிருப்பவை. மிச்சம் 1 முதல் 9999 வரை. அதிலும் ஃபேன்சி நம்பர் என்று தனியே வைத்தவற்றுக்குக் கட்டணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர் கேட்டால் ஏலம்.

இந்த இடுக்குக்குள் நுழைய ஒரு பற்றுக்கு முதலில் எண் இருக்க வேண்டும். மோகன்லால் ரசிகருக்கு அது இருக்கிறது. 1986-ல் வந்த ராஜாவின்டெ மகன் படத்தில் அவர் ஏற்ற வின்சென்ட் கோமஸ் என்ற பாத்திரம் தன் தொலைபேசி எண்ணாகச் சொல்லும் 2255, கேரளத்தில் கார் எண்ணாகவும் செல்பேசி எண்ணாகவும் தேடி வாங்கப்படுகிறது. 2022-ல் வந்த ஆறாட்டு படத்தில் மோகன்லால் ஓட்டிய கறுப்பு பென்ஸுக்கும் இதே எண்தான். அந்தக் கதாபாத்திரமான கோபனின் ஊர், விழிஞ்ஞம் அடங்கிய வட்டத்தின் தலைமையிடமான நெய்யாற்றின்கரை. மம்மூட்டியின் கார்களில் 369. கால்பந்து ரசிகருக்குச் சட்டை எண் போதும்: 10 மெஸ்ஸி, 7 ரொனால்டோ. கோழிக்கோட்டுப் புள்ளாவூர் ஆற்றில் 2022 உலகக் கோப்பையின்போது நின்ற இவர்களின் கட்-அவுட்டுகளின் பின்னால் இருந்த அதே பற்றுதான் இந்த இரண்டு எண்களுக்குள்ளும் சுருங்கி உட்காருகிறது. சினிமாவுக்கு மட்டும் இதில் சலுகை உண்டு. காலா (2018) படத்து ஜீப்பின் எண்ணில் அம்பேத்கரின் முதலெழுத்துகளும் 1956 என்ற ஆண்டும் சேர்ந்து வந்தன. விஜய்யின் கோட் (2024) படத்துக் காரில் டி.என். 07 சி.எம். 2026 என்றிருந்தது. எழுத்தும் எண்ணும் இப்படிக் கூடிவருவதற்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். இயக்குநருக்கு ஒரு பெயிண்டர் போதும்.

இசைக்குழு இந்தப் பட்டியலில் ஏன் வரவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அவியல், தைக்குடம் பிரிட்ஜ் போன்ற கேரளக் குழுக்களுக்கு ரசிகர் குறைவில்லை. அவற்றுக்கு எண் இல்லை. ஒன்டாரியோவில் அவியல் என்ற பெயர் எட்டு எழுத்துக்குள் அடங்கிவிடும், திருவனந்தபுரத்தில் கண்ணாடி ஸ்டிக்கரோடு நின்றுவிடும். 1970-களின் பிற்பகுதியில் கொச்சியில் உருவான 13 ஏ.டி. என்ற ராக் குழு ஒரு விதிவிலக்கு. பெயரிலேயே எண் உண்டு. இசை ரசிகர் பதிவெண்ணில் பொருள் தேடுவதன் உலக உச்சம் பீட்டில்ஸின் ஆபி ரோடு (1969) உறை. அதில் தற்செயலாக நின்ற வெள்ளை ஃபோக்ஸ்வாகனின் எண் எல்.எம்.டபிள்யூ. 281 எஃப். பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார், உயிரோடு இருந்திருந்தால் 28 வயது என்பதற்கு அது குறிப்பு என்று ரசிகர்கள் வாசித்தார்கள் (பாலுக்கு அப்போது 27, நல்ல ஆரோக்கியம்). அந்த பிளேட்டைத் திரும்பத் திரும்பக் கழற்றிக்கொண்டும் போனார்கள். உரிமையாளர் எதையும் சொல்ல நினைக்காத பிளேட்டுக்கே ரசிகர் பொருள் கொடுத்துவிட முடியும் என்றால், நான்கு இலக்கம் போதாது என்று முடிவு கட்டுவது சரியாகாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஃபேன்சி நம்பர் என்பது பணத்தின் விளம்பரம், அதில் பற்றைத் தேடுவது வீண். ஆதாரமும் அதற்குச் சாதகமாகவே இருக்கிறது. 2019-ல் திருவனந்தபுரத்தில் கே.எல். 01 சி.கே. 1 என்ற எண் 31 லட்சம் ரூபாய்க்குப் போனது. 2025 ஏப்ரலில் எர்ணாகுளத்தில் கே.எல். 07 டி.ஜி. 0007 ஏலத்தில் 45.99 லட்சத்தைத் தொட்டது. இன்னொரு மறுப்பு எண்கணிதம்: கூட்டுத்தொகை 8 வரக்கூடாது, 9 வந்தால் நல்லது என்று கணக்குப் பார்த்து எண் வாங்குகிறவர்கள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஏராளம். இரண்டையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எல்லா எண்ணையும் அவை விளக்கிவிடவில்லை. 1, 7777 போன்றவை பார்க்க அழகானவை. கதை தெரியாதவரும் விலை கொடுப்பார். 0007-ஐ ஜேம்ஸ் பாண்ட் என்றும் வாசிக்கலாம், தோனி என்றும் ரொனால்டோ என்றும் வாசிக்கலாம், வெறும் பகட்டு என்றும் வாசிக்கலாம். 369-ன் கூட்டுத்தொகை 18, அதாவது 9; ஆகவே அதுவும் இரு பக்கமும் சாயும். 2255 அப்படியில்லை. வரிசையும் இல்லை, நான்கும் ஒன்றாகவும் இல்லை, கூட்டினால் 14, மேலே சொன்ன 9-ம் வருவதில்லை. அதை ஒருவர் கேட்டு வாங்கினால் படத்தைத் தவிர வேறு காரணம் தேடுவது கடினம். பொதுச் சந்தையில் மதிப்புக் குறைந்த எண்ணுக்குக் கூடுதல் பணம் கொடுக்கப்படும் இடத்தில்தான் பற்றைத் தனியாக அளக்க முடிகிறது.

எண் ஒரு நிலைப்பாட்டைச் சொல்லும் என்பதற்குத் தலைநகரிலேயே அரசியல் சான்றும் உண்டு. கேரள அமைச்சர்களின் அரசு கார் வரிசையில் 13 யாரும் விரும்பாத எண். 2006-ல் எம்.ஏ. பேபி அதை எடுத்தார். 2011-ல் வந்த ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆட்சியில் அதை எடுக்க ஆளில்லை. 2016-ல் தாமஸ் ஐசக், 2021-ல் பி. பிரசாத். மூவரும் இடதுசாரிகள். 13-ஐ ஏற்பது மூடநம்பிக்கைக்கு எதிரான அறிவிப்பாக வாசிக்கப்பட்டது, விடுவது அதற்குப் பணிந்ததாக வாசிக்கப்பட்டது. விலை எதுவும் கொடுக்காத இந்த எண், ஏலத்தில் போன எந்த எண்ணையும்விடத் தெளிவாகப் பேசியது.

நான்கு இலக்கம் போதாதவர்கள் வடிவத்தைத் திருத்தப் பார்க்கிறார்கள். 8055-ஐ வளைத்து பாஸ் என்ற ஆங்கிலச் சொல்லாக்குவது இந்தியா முழுதும் தெரிந்த தந்திரம். விதி இதை அனுமதிப்பதில்லை. கேமரா பதிவெண்ணை வாசிக்கும் காலத்தில், அதுவும் சேஃப் கேரளா திட்டத்தில் 726 கேமராக்கள் 2023 முதல் அபராதம் விதிக்கும் மாநிலத்தில், அனுமதிக்கவும் முடியாது. விபத்து நேரத்தில் எண் புரியாவிட்டால் யார் பற்று யாருக்கு என்பது பொருளற்றதாகிவிடும். பற்றை வண்டியின் உடலுக்கு மாற்றியவர்களும் தப்பவில்லை. நடிகர்களும் ஆட்டக்காரர்களும் லேசர் விளக்குகளுமாக ஓடிய சுற்றுலாப் பேருந்துகள், 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் 9 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு வெள்ளை நிறத்துக்கு வந்தன. அந்த விபத்தில் வேகம்தான் முதல் குற்றவாளி. ஓவியம் உடன் தண்டிக்கப்பட்டது.

அப்படியானால் எழுத்தையும் விற்றுவிடலாமே, கருவூலத்துக்கு வருமானமாயிற்றே என்று கேட்கலாம். அமெரிக்க அனுபவம் தயக்கம் தருகிறது. உள்நாட்டுப் போரின் தென்மாநிலக் கொடி பொறித்த பிளேட்டை டெக்சஸ் அரசு மறுத்த வழக்கில், பிளேட்டில் இருப்பது அரசின் பேச்சே என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. பிளேட்டில் சொல்லுக்கு இடம் கொடுத்தால் எந்த நடிகர், எந்தக் கட்சி, எந்தச் சாமி என்று ஒவ்வொன்றுக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். விழிஞ்ஞத்து வள்ளத்தில் அந்தச் சிக்கல் இல்லை. எண்ணுக்கு மீன்வளத் துறை பொறுப்பு, பெயருக்கு உரிமையாளர் பொறுப்பு. சாலையில் இரண்டும் ஒரே தகட்டில் இருக்கும் வரை, 2255 போன்ற எண்களைக் கேட்டு ஏலத்தில் கை தூக்குகிறவர்கள் இருந்துகொண்டுதான் இருப்பார்கள்.