வகுப்பை யார் பார்த்தார்கள்? அயலகத்தில் பணியாற்றும் ஆசிரியரும் கல்வியியல் மேற்படிப்பும்

எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தவர், வளைகுடாவில் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார், கையில் பி.எட். இல்லை என்று கொள்வோம். வேலை நிலைக்க வேண்டுமானால் ஆசிரியர் பயிற்சிச் சான்று வேண்டும். அதைப் பெற அவருக்கு என்ன வழி இருக்கிறது?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கின, இருபது வாரப் பள்ளிப் பயிற்சியையும் கட்டாயமாக்கின. தொலைநிலை பி.எட். உண்டு. ஆனால் நேரடி முறையில் ஏதேனும் ஓர் ஆசிரியர் பயிற்சியை ஏற்கெனவே முடித்தவர்களுக்கே அதில் இடம். ஆக, பயிற்சி இல்லாமல் பாடம் நடத்துகிறவர், அதாவது பயிற்சி மிகவும் தேவைப்படுகிறவர், வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். வேலையையும் விசாவையும் விட்டு ஈராண்டு ஊரில் வந்து படிப்பது பலருக்கு ஆகிற காரியமில்லை.

குழுமத்தின் கண்டிப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் அஞ்சல்வழி பி.எட். எப்படிப் பெருகியது, கற்பித்தல் பயிற்சி எப்படிப் பெயரளவுக்கு நடந்தது என்பதைத் தமிழ்நாட்டில் மூத்த ஆசிரியர்களைக் கேட்டாலே சொல்வார்கள். நோய் மெய்தான். மருந்துதான் இடம் மாறிவிட்டது. பயிற்சியை எவரும் கண்காணிக்கவில்லை என்பதே அன்றைய குறை. அதைத் தொலைநிலை என்ற முறையின் குறையாகக் கொண்டு விதி வகுக்கப்பட்டது. அயல்நாடுகளில் பட்டங்களுக்கு இணைத்தன்மை வழங்கும் அலுவலகங்களும் நேரில் படித்ததா, தொலைவில் படித்ததா என்று துருவுகின்றனவே தவிர, இவர் பாடம் நடத்தியதை யாராவது உட்கார்ந்து பார்த்தார்களா என்று கேட்பதில்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கிலாந்தின் இரு படிப்புகள் தெளிவாகக் காட்டுகின்றன. வெளிநாட்டில் பணியிலிருப்பவர்களுக்காக நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் நடத்தும் பி.ஜி.சி.இ.(ஐ) என்ற பன்னாட்டுக் கல்வியியல் சான்றிதழ்ப் படிப்பு முதுகலைத் தரத்தில் அறுபது மதிப்பெண் அலகுகள் கொண்டது. நூற்றெண்பது அலகுகளுக்கான முதுகலைப் பட்டத்தில் அது மூன்றில் ஒரு பங்கு. மதிப்பீடு எழுத்துப் பணிகளின் வழி நடக்கிறது. படிப்பவர் சிந்திக்கிறார், வாசிக்கிறார், தம் வகுப்பைப் பற்றி எழுதுகிறார். இவற்றின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘தகுதிபெற்ற ஆசிரியர்’ என்ற சட்டப்படியான நிலையை அது தருவதில்லை. 2022இல் இங்கிலாந்து அரசு தொடங்கிய பன்னாட்டுத் தகுதிநிலைத் திட்டமோ, பணியாற்றும் பள்ளியிலேயே வழிகாட்டியின் கண்காணிப்பில் பயிற்சி பெற்று, ஆசிரியர் தரநிலைகளின்படி மதிப்பிடப்படுவது. அதில் தேறியவருக்கு அந்த நிலைக்குச் சமமான தகுதி கிடைக்கிறது. கடல் கடந்தே படிக்கலாம் என்பது இரண்டுக்கும் பொது. வகுப்பறைக்குள் இன்னொருவரின் கண் நுழைந்ததா என்பதில்தான் இவை பிரிகின்றன.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2023 பிப்ரவரியில் இங்கிலாந்து தன் ஆசிரியர் தகுதிநிலைக்கான விண்ணப்ப முறையை வேறு சில நாடுகளுக்குத் திறந்துவிட்டபோது அப்பட்டியலில் இந்தியாவும் இருந்தது. இந்தியாவில் முறையாகப் பயிற்சி பெற்ற கணித, அறிவியல், மொழி ஆசிரியர் அனுபவத்தைக் காட்டித் தகுதிநிலைக்கு விண்ணப்பிக்கலாம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் பி.ஜி.சி.இ.(ஐ) சான்றை மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. நம்மூர் பி.எட்.டில் குறைகள் எத்தனையோ இருந்தாலும், மாணவ ஆசிரியரை ஒரு பள்ளிக்குள் அனுப்பி நிற்க வைக்கிறது என்ற அளவில் அதற்கு மதிப்பு கிடைத்துவிட்டது.

இத்தகைய மேற்படிப்பால் பயனே இல்லை என்று ஆசிரியருக்கான முதுகலைப் பட்டத்தை எதிர்ப்போர் அமெரிக்க அனுபவத்தைக் காட்டுவர். டென்வர், டெமோய்ன் நகரங்களில் 1921இல் வந்த சம்பள அட்டவணை, பட்டமும் பணிமூப்பும் ஏற ஏறச் சம்பளமும் ஏறும் என்ற முறைக்கு வழிவகுத்தது. டெக்சஸ் தரவுகளைக் கொண்டு ரிவ்கின், ஹனுஷெக், கெய்ன் மூவரும் 2005இல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் எழுதிய கட்டுரை, முதுகலைப் பட்டம் ஆசிரியரின் திறனை உயர்த்துகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றது. வட கரோலினா 2013இல் அந்தக் கூடுதல் ஊதியத்தையே புதியவர்களுக்கு நிறுத்தியது. இந்தச் சான்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அளந்தது, சம்பளப் படியேறுவதற்காகப் பெற்றவையும் சேர்ந்த எல்லா முதுகலைப் பட்டங்களின் சராசரியை. வகுப்பறையோடு கட்டப்பட்ட மேற்படிப்பைத் தனியே எடுத்து அது எடைபோடவில்லை. சராசரி பயனற்றது என்பதிலிருந்து அதில் அடங்கிய ஒவ்வொன்றும் பயனற்றது என்று முடிவுகட்டுவது தர்க்கமாகாது.

வகுப்பறையோடு கட்டப்பட்ட அத்தகைய படிப்பை அயலகத்தில் பணியாற்றுபவர்களுக்கு இந்தியாவால் நடத்த முடியும் என்றே நினைக்கிறேன். வெளிநாடுகளில் இருநூறுக்கும் மேற்பட்ட சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இருக்கின்றன, பெரும்பாலானவை வளைகுடாவில். துபாயில் வாரியத்துக்கு மண்டல அலுவலகமே உண்டு. இருபது வாரப் பயிற்சியில் ஒரு நாளும் குறைக்க வேண்டியதில்லை. ஒரு பகுதியைச் சொந்தப் பள்ளியிலும் மறுபகுதியைப் பக்கத்துப் பள்ளியிலும் வைக்கலாம். அங்கே இந்தியப் பள்ளிகள் ஏப்ரலிலும் பிரிட்டிஷ் பள்ளிகள் செப்டம்பரிலும் ஆண்டைத் தொடங்குவதால், வேறொரு பாடத்திட்டத்து வகுப்பைக் கண்டு பழகவும் வாய்ப்பு உண்டு. கோட்பாட்டுப் பாடங்களைக் கோடை விடுமுறையில் நெருக்கி நடத்தலாம். பன்னாட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்காக பாத் பல்கலைக்கழகம் கோடைப் பள்ளிகள் நடத்தி முதுகலைப் பட்டம் தந்த முறை நமக்கு முன்னாலேயே இருக்கிறது.

சிக்கல் பார்வையாளரிடம்தான். பள்ளியின் துறைத்தலைவரோ முதல்வரோ வழிகாட்டியானால், அவர் முதலாளியின் ஆளும் ஆகிறார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் ‘வகுப்புக் கட்டுப்பாடு போதாது’ என்ற ஒரு வரிக் குறிப்பு பயிற்சிக் குறிப்பாக நிற்காது, வேலைநீக்கத்துக்கு ஆதாரமாகிவிடும். அதை அறிந்த ஆசிரியர், யாராவது பார்க்க வரும் நாளில் ஒத்திகை பார்த்த பாடத்தையே நடத்துவார். திணறும் பாடத்தைக் காட்டமாட்டார். எனவே பார்ப்பவர் பல்கலைக்கழகத்தின் சம்பளத்தில் இருக்க வேண்டும். அவர் அறிக்கை பள்ளி நிர்வாகத்தின் கைக்குப் போகக் கூடாது. இவ்விரண்டும் பள்ளியோடு செய்யும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவைக் கட்டணமாக ஆசிரியர் தலையில் வைத்தால், குறைந்த சம்பளத்து இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் இருப்பவர்கள் மறுபடியும் வெளியே நிற்பார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியரைக் காட்டிப் பெற்றோரிடம் கட்டணம் வாங்கும் பள்ளி, அதில் பாதியையாவது ஏற்கட்டும்.