இணையமில்லா நிரலாக்க ஆவணங்கள்

நிரல்மொழி ஒன்றின் கட்டளைகள், செயற்கூறுகள், எடுத்துக்காட்டுகள் ஆகியவற்றை இணைய இணைப்பின்றி, தன் கணினியிலேயே படிக்கும் வசதி இணையமில்லா ஆவணம் எனப்படும். இணையம் பரவுவதற்கு முன் ஆவணம் என்றாலே இதுதான். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 என்ற தேதியைத் தாங்கியது. அதன் பக்கங்களைத் திரையில் வரவழைக்கும் 'மேன்' கட்டளை இன்றைய லினக்ஸிலும் இயங்குகிறது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களில் தொடங்கியது. பிஎஸ்என்எல் அகலக்கற்றைச் சேவை 2005-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் சாத்தூர், சிவகாசி போன்ற ஊர்களிலிருந்து கணினி படிக்கச் சென்றவர்களுக்குப் பாடநூல் ஒரு துணை, ஆய்வகக் கணினி மற்றொரு துணை. சிவகாசி அருகே மெப்கோ சிலெங்க் பொறியியல் கல்லூரி 1984-இலேயே தொடங்கிவிட்டது; ஆனால் கல்லூரிக்குள் கணினி இருப்பது வேறு, இணையம் இருப்பது வேறு.

அக்காலத் தமிழ்நாட்டு ஆய்வகங்களில் கோலோச்சியது போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி. அதன் நீலத் திரையில் ஒரு செயற்கூற்றின் பெயர்மீது சுட்டியை வைத்து கண்ட்ரோல், எஃப்1 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் உதவிப் பக்கம் திறக்கும். எந்தத் தலைப்புக் கோப்பை இணைக்க வேண்டும், என்னென்ன மதிப்புகளைக் கொடுக்க வேண்டும், எது திரும்பக் கிடைக்கும் என எல்லாம் அதில் இருந்தன. பல செயற்கூறுகளுக்கு இயக்கிப் பார்க்கக்கூடிய சிறு நிரலும் உண்டு. ஆசிரியர் அருகில் இல்லாத நேரத்தில் பலருக்கு அதுவே ஆசிரியர்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. அந்த உதவிப் பக்கங்கள் டாஸ் காலத்து டர்போ சி-க்கு எழுதப்பட்டவை. திரையைத் துடைக்கும் 'கிளியர்ஸ்கிரீன்' செயற்கூறும் அதற்குரிய 'கோனியோ' தலைப்புக் கோப்பும் சி மொழியின் தரப்பகுதி அல்ல. அவற்றை மொழியின் அங்கம் என்றே நம்பிப் படித்தவர்கள், லினக்ஸில் ஜிசிசி நிரல்பெயர்ப்பியில் அதே நிரலைக் கொடுத்தபோது பிழைச் செய்தியைச் சந்தித்தனர். கையிலுள்ள ஆவணம் எந்தக் கருவிக்கு, எந்தப் பதிப்புக்கு உரியது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதைப் பலர் இப்படித்தான் கற்றனர்.

பைத்தான் மொழியில் 2001-இல் 'பைடாக்' சேர்க்கப்பட்டது. நிறுவப்பட்ட பதிப்பின் நிரலுக்குள் உள்ள விளக்கங்களையே அது எடுத்துக் காட்டுவதால் மேற்சொன்ன குழப்பம் பெரிதும் குறைகிறது. 2013-இல் டெவ்டாக்ஸ், சீல் போன்றவை பல மொழிகளின் ஆவணங்களை ஒரே இடத்தில் தேடிப் படிக்க வழிசெய்தன.

மொழித்தடை மட்டும் நீடித்தது. 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் கட்டுரைகளைத் தமிழில் வெளியிட்டது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' போன்ற நூல்கள் இலவச மின்னூல்களாக வந்தன. ஒருமுறை பதிவிறக்கி, பென்டிரைவில் நண்பருக்கும் கொடுக்கலாம். படைப்பாக்கப் பொதும உரிமம் அதை அனுமதிக்கிறது. இன்று பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் பைத்தானைத் தமிழ்வழியிலும் கற்பிக்கிறது. அதே மாணவர் பைத்தானில் 'ஹெல்ப்' எனத் தட்டினால் விடை ஆங்கிலத்தில்தான் வருகிறது.