பால் பதனக் கழிவுநீரும் ஓடாத ஆறும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் பால் வரலாறு நிருவாக எல்லைகளின் வரலாற்றோடு ஒத்துச் செல்வதில்லை. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பெற்று, 2007இல் மறுபடியும் தனித்தது. கூட்டுறவுச் சங்கங்களின் பாலோ திருச்சிராப்பள்ளி ஒன்றியத்தின் வழியே சென்றது. பால் எங்குப் பதப்படுத்தப்படுகிறதோ அங்கேயே அதன் கழிவுநீரும் தேங்கும். ஆதலின் இது இடம் பற்றிய வினாவும் ஆகும்.

தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையம் 1981இல் உருவாயிற்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றிய இவ்விரு அமைப்புகளின் வரலாறுகளும் இணைத்து எழுதப்படவேண்டியவை.

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் அட்டவணை, பால் ஆலைக் கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் என வரம்பு விதிக்கிறது. பாலின் தேவையோ ஏறத்தாழ ஒரு இலட்சம் மில்லிகிராம். அதாவது சிந்திய ஒரு லிட்டர் பால், 27 பாகை வெப்பத்தில் தூய நீர் தாங்கும் ஆக்சிஜனைக் கொண்டு கணக்கிட்டால், பன்னிரண்டாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரின் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும்.

இந்த அளவுகோலின் பிறப்பிடம் இங்கிலாந்து. அங்குக் கழிவுநீர் அகற்றலுக்கென 1898இல் அமைந்த அரச ஆணையம், 1912இல் வெளியிட்ட எட்டாவது அறிக்கையில் 20 மில்லிகிராம் என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. ஐந்து நாள் சோதனை அதன் அடிப்படை. இங்கிலாந்தின் ஆறுகள் கடலை அடைய ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்பதே அதன் காரணம் எனக் கூறப்படுவதுண்டு. எவ்வாறாயினும், கழிவுநீர் எட்டு மடங்கு ஆற்றுநீரோடு கலக்கும் என்பது அவ்வறிக்கையின் முன்கருத்து. இந்தியா பின்னர்ச் சோதனையை 27 பாகையில் மூன்று நாள் என மாற்றிக்கொண்டது. வெப்பம் திருத்தப்பட்டது, கலக்கும் ஆறு பற்றிய எண்ணம் அந்த அளவிற்குத் திருத்தப்படவில்லை. பச்சைமலையில் தோன்றும் மருதையாறு மழைக்காலத்து ஆறு. கோடையில் எட்டு மடங்கு நீருக்கு எங்கே போவது?

எனவே இவ்வட்டாரத்தில் கழிவுநீரை ஏற்பது ஆறு அன்று, நிலமே. பால் குளிர்விப்பு நிலையக் கழிவுநீரை நிலத்தில் பாய்ச்சுவதாயின் 350 மில்லிகிராம் வரை விடலாம் என்ற சலுகை அதே விதிகளில் உண்டு. ஆனால் அந்நிலம் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு அமைப்பாகவே வடிவமைத்து இயக்கப்படவேண்டும். அதிலிருந்து வடியும் நீர் 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது. சலுகையை நினைவிற்கொள்ளும் பலர் நிபந்தனையை மறந்துவிடுகின்றனர். பெரம்பலூரின் கடும்பாறைப் பகுதியில் கசியும் நீர் பாறை வெடிப்புகள் வழியே கிணறுகளைச் சேரும். அரியலூரின் சுண்ணாம்புக்கல்லை அமிலநீர் கரைக்கும். கலன்களைக் கழுவும் எரிசோடாவின் சோடியம் கரிசலின் கட்டமைப்பைக் கெடுக்கும். ஆக்சிஜன் தேவையை மட்டும் அளக்கும் சோதனையில் இந்தச் சோடியம் தென்படாது.

சுத்திகரிப்பு நுட்பங்கள் புதியன அல்ல. காற்றூட்டிய கசடு முறையை ஆர்டெர்ன், லாக்கெட் ஆகியோர் 1914இல் மான்செஸ்டரில் அறிவித்தனர். நெதர்லாந்தில் லெட்டிங்கா 1970களில் உருவாக்கிய மேல்நோக்கு ஓட்டக் காற்றிலா முறை வெப்பநாடுகளுக்கு ஏற்றது. ஆயினும் பால்கொழுப்பு கசடை மிதக்கச் செய்துவிடுவதால் முன்னரே கொழுப்பைப் பிரித்தாக வேண்டும். இவற்றினும் எளியது சமப்படுத்தும் தொட்டி. எரிசோடா நீரும் நைட்ரிக் அமில நீரும் அதில் ஒன்றையொன்று பெருமளவு நடுநிலையாக்கிவிடும்.

விதிகளின் கணக்கு ஆலையை அலகாகக் கொண்டது: ஒரு லிட்டர் பாலுக்கு மூன்று லிட்டர்க் கழிவுநீர். ஊர்களில் பாலைத் திரட்டிக் குளிர்விக்கும் கலன்களும் பயன்பாட்டிற்குப்பின் கழுவப்படுகின்றன. அந்நீர் சிறிதே, எனினும் கிணற்றுக்கு மிக அண்மையில் விழுவது அதுவே.