மை நேம் இஸ் கௌஹர் ஜான்!

போன ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் பழைய இசைத்தட்டுகளை மேய்ந்துகொண்டிருந்தேன். கரகரவென்று ஒரு ஹிந்துஸ்தானிப் பாட்டு. பாட்டு முடிந்ததுதான் தாமதம், பாடிய அம்மாளே பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வது போல "மை நேம் இஸ் கௌஹர் ஜான்!" என்று ஒரு கத்து கத்தினார். வீடே சிரித்தது. சின்னவள் நாலு தடவை திரும்பப் போடச் சொன்னாள்.

சிரிப்பு அடங்கியபின் காரணத்தைத் தேடிப் படித்தேன்.

1902 நவம்பரில் லண்டன் கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கெய்ஸ்பெர்க் என்ற அமெரிக்கர், நான் இப்போது குப்பை கொட்டும் இதே கல்கத்தாவுக்கு வந்தார். அன்று மைக் கிடையாது. பெரிய புனலுக்குள் உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வில் ஊசி மெழுகுத் தட்டில் கீறும். பெரிய உஸ்தாதுகள் பலர் தயங்கி நிற்க, முதலில் துணிந்து வந்தவர்கள் பெண்கள்தான். அவர்களில் பெரும்பெயர் பெற்றவர் கௌஹர் ஜான்.

பதிந்த தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் போகும். அச்சடிக்கும் தொழிலாளிக்கு நம் பாஷை தெரியாது. யார் பாட்டு என்று அவர் கண்டுபிடிக்கத்தான் அந்த அறிவிப்பு! எங்கள் பாங்க் பாஷையில் சொன்னால், செக்கில் போடும் கையெழுத்து. 1908-ல் சியால்தாவிலேயே தொழிற்சாலை வந்துவிட்டது. நான் தினமும் ரயிலில் வந்து இறங்கும் இடம்!

கௌஹர் 1873-ல் அஸம்கரில் ஏஞ்சலினாவாகப் பிறந்தவர். அப்பா ஆர்மீனிய வம்சாவளி. பெற்றோர் பிரிந்தபின் தாயும் மகளும் இஸ்லாத்தைத் தழுவினார்கள், பெயர் மாறியது. காசி, கல்கத்தா என்று ஊரும் மாறியது. கடைசியில் மைசூர் அரண்மனைப் பாடகியாகி, 1930 ஜனவரியில் அங்கேயே காலமானார். என்னைவிட அதிக ட்ரான்ஸ்ஃபர் பார்த்தவர். ஆனாலும் இன்றுவரை அந்தக் குரல் யாருடையது என்ற சந்தேகமே இல்லை.

என் பீரோவில் ஊரிலிருந்து கொண்டுவந்த கேசட் ஒன்று இருக்கிறது. ஏதோ கல்யாணத்தில் பதிந்த நலங்குப் பாட்டு. பாடுவது பாட்டியா, பெரிய அத்தையா என்று அம்மாவுக்கே சந்தேகம். கேட்டுச் சொல்ல இன்று ஆளில்லை.

அன்று சாயங்காலமே அம்மாவைப் பாடச் சொல்லி செல்போனில் பதிந்தேன். முடிந்ததும், "அப்படியே உங்க பேரையும் சொல்லிடுங்கம்மா" என்றேன்.

"எதுக்குடா? உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு?

வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். ஊர்ப் பெயரையும் சேர்த்து.